அக்கரைக்கு வந்த செய்தி: தாயகப் பிளவும் கடல் கடந்த தமிழ் முஸ்லிம்களும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பிழைப்பை நாடி நாடு விட்டுச் சென்றவனுக்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. உடல் ஓரிடத்தில் உழைக்கும். மனம் சொந்த ஊரின் தெருவில் உலவும். ஊரில் மழை பெய்ததா, மஞ்சளுக்கு விலை கிடைத்ததா, பள்ளிவாசல் நிருவாகம் மாறியதா என்பனவெல்லாம் அவனுக்கு அன்றாடக் கவலைகள். ஊர் அமைதியாக இருக்கும் காலத்தில் இந்த இரட்டை வாழ்வு ஓர் இனிய ஏக்கம். ஊரார் கட்சியாலும் மதத்தாலும் பிரிந்து நிற்கும் காலத்தில் அதுவே பெருஞ்சோதனையாகிறது. தொலைவில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும்? பேச வேண்டுமா, வாளாவிருக்க வேண்டுமா? எந்தச் செய்தியை நம்புவது? யாருக்காகப் பேசுவது?

கொங்கு நாட்டிலிருந்து கடல் கடந்தோர் தொகை கீழைக்கரையையோ காயல்பட்டினத்தையோ நாகூரையோ போல் பெரிதன்று. எனினும் பெருந்துறை, ஈரோடு, கோவை வட்டாரங்களிலிருந்து வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர் இல்லாமல் இல்லை. அவர்கள் நாள்தோறும் கைப்பேசியில் தாயகத்தின் சச்சரவுகளைக் காண்கிறார்கள். இந்தச் சோதனை நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் இதனைப் பலமுறை எதிர்கொண்டுள்ளனர். அவர்கள் எங்கே உறுதியுடன் நின்றனர், எங்கே சறுக்கினர் என்பதை அறிவது இன்றைக்கும் பயன் தரும்.

அபிசீனியாவில் கேட்ட வதந்தி

இஸ்லாமிய வரலாற்றின் முதல் புலம்பெயர்வு அபிசீனியாவுக்கு நிகழ்ந்தது. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், ஏறத்தாழ கி.பி. 615இல், மக்காவின் கொடுமை தாளாமல் ஒரு சிறு குழுவினர் செங்கடலைக் கடந்தனர். உஸ்மான் (ரலி) அவர்களும் அவர்தம் துணைவியாரும் நபி (ஸல்) அவர்களின் அருமை மகளாருமான ருகையா (ரலி) அவர்களும் அக்குழுவில் இருந்தனர். நீதி தவறாத நஜாஷி மன்னரின் நாட்டில் அவர்களுக்கு அடைக்கலம் கிடைத்தது.

சில திங்கள்களுக்குள் மக்காவிலிருந்து ஒரு செய்தி எட்டியது. குறைஷியர் இஸ்லாத்தை ஏற்றுவிட்டனர், பகை ஓய்ந்தது என்பதே அச்செய்தி. ஊரைப் பிரிந்த நெஞ்சம் கேட்க விரும்பியது அதைத்தான். சிலர் உடனே புறப்பட்டுவிட்டனர். மக்காவை நெருங்கிய பின்னரே அது பொய் என்று தெரிந்தது. சிலர் ஒருவரின் பாதுகாப்பைப் பெற்று ஊருக்குள் நுழைந்தனர். மற்றவர்கள் வந்த வழியே திரும்பினர். நன்மையைச் சொன்ன வதந்தியே இவ்வளவு அலைக்கழித்ததென்றால், தீமையைச் சொல்லும் வதந்தி என்ன செய்யும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

அதே அபிசீனியாவில் பின்னர் வேறொரு நிகழ்வு நடந்தது. நஜாஷிக்கு எதிராக ஒருவன் கிளர்ந்தெழுந்தான், போர் மூண்டது. அடைக்கலம் புகுந்திருந்த முஸ்லிம்கள் கலங்கினர். அவர்கள் ஊகத்தில் உழன்று கொண்டிருக்கவில்லை. இளைஞரான ஸுபைர் (ரலி) அவர்களை, காற்று நிரப்பிய தோல் பையின் துணையால் நைல் ஆற்றை நீந்திக் கடக்கச் செய்து, களத்தில் நடப்பதை நேரில் கண்டுவர அனுப்பினர். தமக்கு அடைக்கலம் தந்த நாட்டின் நல்லாட்சி நிலைக்க வேண்டுமென்று இறைவனிடம் மன்றாடினர். வெற்றிச் செய்தியுடன் அவர் திரும்பிய பொழுது அடைந்த மகிழ்ச்சியை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்கள்.

செய்தியைக் கேட்டவுடன் கப்பலேறியது ஒரு வகை. ஆற்றைக் கடந்து உண்மையை அறிந்து வந்தது மற்றொரு வகை. இவ்விரண்டு வகையும் நம் பிற்கால வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன.

கப்பல் கொண்டுவந்த தாயகம்

மலாயாவில் தமிழ் முஸ்லிம்களின் வாழ்வு ஆங்கிலேயரின் துறைமுகங்கள் எழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் நிறுவப்பட்டது. சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடம் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. 1887இல் மக்தூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரிலிருந்து 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழை நடத்தினார். அக்கரையில் இருந்துகொண்டே இக்கரையைப் பற்றிப் படிக்கும் வழக்கம் அத்துணைப் பழைமையானது.

பிற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜுலா' போன்ற கப்பல்கள் ஆளையும் கடிதத்தையும் செய்தித்தாளையும் சுமந்து சென்றன. தந்தியில் வரும் சில வரிகளைத் தவிர, ஊரில் நடந்தது அக்கரையை அடைவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். அந்த இடைவெளியை ஊகங்கள் நிரப்பின.

1915 இதற்கு ஒரு கசப்பான சான்று. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூரில் நிறுத்தப்பட்டிருந்த இந்தியப் படையின் ஐந்தாம் இலகு காலாட்படை கிளர்ந்தெழுந்தது. வட இந்தியாவைச் சேர்ந்த முஸ்லிம் வீரர்கள் அப்படையில் இருந்தனர். துருக்கியக் கலீஃபாவுக்கு எதிராகப் போரிடத் தம்மை அனுப்பப் போகிறார்கள் என்னும் அச்சம் அவர்களிடையே பரவியிருந்தது. உண்மையில் அவர்கள் செல்லவிருந்த இடம் ஹாங்காங். கிளர்ச்சி சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். காசிம் மன்சூர் என்னும் குஜராத்தி முஸ்லிம் வணிகர், இரங்கூனிலிருந்த துருக்கியத் தூதருக்கு அனுப்பிய கடிதத்தின் காரணமாகத் தூக்கிலிடப்பட்டார். அடிமைப்படுத்திய அரசின் மீது அவ்வீரர்கள் கொண்ட வெறுப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர்களைத் தூண்டியவற்றுள் உறுதிப்படாத செய்தியும் ஒன்று என்பதை மறைக்கவும் இயலாது.

தாயகத்தின் பிளவு என்பது மதத்தைச் சார்ந்தது மட்டுமன்று. 1929 டிசம்பரில் ஈரோட்டுப் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் மலாயாவுக்குச் சென்ற பொழுது, ஒரு சாரார் அவரை வரவேற்று ஈப்போவில் மாநாடு நடத்தினர். வேறொரு சாரார் அவர் அங்கே வருவதையே எதிர்த்தனர். கொங்கு மண்ணில் தொடங்கிய வாதம் தோட்டப்புறக் குடியிருப்புகளையும் சிங்கப்பூர்க் கடைத்தெருக்களையும் எட்டிவிட்டது. பிழைப்புக்காகச் சென்றவன் தன் பெட்டியில் துணிமணிகளுடன் ஊரின் வழக்குகளையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான்.

ஒன்றுபட்டு நின்ற காலம்

எனினும் அக்கரை எப்பொழுதும் பிளவையே வளர்த்தது என்று கூறுவது நீதியாகாது. 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரின் கத்தே அரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். தாயகத்தில் லாகூர்த் தீர்மானம் நிறைவேறி மூன்றாண்டுகள் கடந்திருந்தன. காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் எதிரெதிர்த் திசைகளில் சென்று கொண்டிருந்தன. அதே காலத்தில் அக்கரையில் எல்லாச் சமயத்தாரும் ஓரணியில் திரண்டனர். படையின் முழக்கச் சொற்களாக ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்படும் மூன்று உருதுச் சொற்கள் அமைந்தன. 'ஜெய்ஹிந்த்' என்னும் வாழ்த்தை உருவாக்கியவராக அறியப்படுபவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் நேதாஜியுடன் பயணம் செய்த ஒரே இந்தியரும் அவரே. தற்காலிக அரசின் ஆலோசகர்களுள் ஒருவராகத் தமிழ் முஸ்லிமான கரீம் கனி இடம்பெற்றார். மலாயாவிலிருந்து நீர்மூழ்கியில் வந்து கேரளக் கரையில் இறங்கிய வக்கம் அப்துல் காதர், 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் பிற சமயத் தோழர்களுடன் தூக்கு மேடை ஏறினார்.

ஆபித் ஹசன் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி இங்கே குறிப்பிடத்தக்கது. சிங்கப்பூரில் செட்டியார் சமூகத்தார் தங்கள் கோயிலுக்கு வருமாறு நேதாஜியை அழைத்தனர். எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் அனுமதிக்கப்படாத இடத்திற்குத் தாம் வருவதற்கில்லை என்று அவர் மறுத்தார். பிறகு அவர்கள் அனைவரையும் சேர்த்தே அழைக்க, முஸ்லிம் அதிகாரிகளுடன் அவர் சென்றார். யாருடைய வழிபாடும் மாறிவிடவில்லை. ஆனால் நம்மவர் யார் என்னும் கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. தாயகத்தில் இறுகிப்போயிருந்த கதவுகள் அக்கரையில் சற்றே திறந்தன.

இந்த ஒற்றுமை ஏன் இயன்றது? அக்கரையில் அனைவரும் சிறுபான்மையினர். ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே தோட்டத்தில், ஒரே துறைமுகத்தில் உழைத்தவர்கள். ஊரில் தலைமுறைகளாகத் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்தவர்கள் அங்கே ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். அருகில் வாழ்ந்தவனைப் பற்றி வதந்தி பரப்புவது கடினம்.

பிரிவினையும் ஒரு மனிதரின் பாதையும்

போர் முடிந்தது, நேதாஜி இல்லை. 1946இல் மலாய இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. இந்திய முஸ்லிம்களுள் பலர் அதில் சேரத் தயங்கினர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முஸ்லிம் லீக் அமைப்புகள் செல்வாக்குப் பெற்றன. நேற்று ஒரே படையில் நின்றவர்கள் இன்று தாயகத்தின் இரு கட்சிகளாயினர். பஞ்சாபிலும் வங்கத்திலும் சிந்திய குருதியின் செய்திகள் வந்து சேர்ந்தன. தமிழ் முஸ்லிமுக்கோ விசித்திரமான நிலை. பிரிந்து போன பாகிஸ்தானில் அவனுக்கு வீடில்லை, உறவில்லை, அதன் மொழியும் தெரியாது. அவனுடைய தாயும் மனைவியும் தமிழ்நாட்டின் ஊர்களில் இருந்தனர். அவன் அக்கரையில் முழங்கிய முழக்கத்தின் விலையை இக்கரையில் அவர்கள் கொடுக்க நேரிடலாம்.

கரீம் கனியின் வாழ்வு இக்காலத்தின் சிக்கலைக் காட்டுகிறது. பர்மாவில் பொதுவாழ்வில் ஈடுபட்டு, பின்னர் நேதாஜியின் அரசில் ஆலோசகராக இருந்த அவர், போருக்குப் பின் சிங்கப்பூரில் இதழாளராகவும் முஸ்லிம் லீக்கின் தலைவராகவும் விளங்கினார். 1950இல் நத்ரா என்னும் மரியா ஹெர்டோக் வழக்கு எழுந்தது. முஸ்லிம் தாயிடம் வளர்ந்த டச்சுச் சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் ஆணையிட்டது; அச்சிறுமி கிறித்தவ மடத்தில் தங்கவைக்கப்பட்ட படங்கள் ஏடுகளில் வெளிவந்தன. முஸ்லிம்களின் மனம் புண்பட்டது உண்மை. அந்தக் குடியேற்ற அரசு அதனை உணரத் தவறியதும் உண்மை. கரீம் கனி நத்ராவுக்கான செயற்குழுவை முன்னின்று நடத்தினார். அவருடைய எழுத்தும் பேச்சும் சூடேறின. டிசம்பர் 11ஆம் நாள் தொடங்கிய கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தனர். 173 பேர் காயமுற்றனர். கரீம் கனி தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். இறந்தவர்களுள் அந்த வழக்குக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாதவர்களும் இருந்தனர். நியாயமான வேதனையுங்கூட, சொல்லை அடக்காதவிடத்து, குற்றமற்றவர் மீது பாயும் நெருப்பாகிவிடும் என்பதே இதன் படிப்பினை.

இங்கேயே இருந்தவர் தேர்ந்த வழி

இதே ஆண்டுகளில் சென்னையில் இன்னொரு வழி உருவாகிக் கொண்டிருந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் குழு, இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்புகள் என்று முடிவு செய்தது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராகத் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாகிப் பொறுப்பேற்றார். 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. சமுதாயம் கண்ணியத்துடன் 'காயிதே மில்லத்' என்று அழைத்த அப்பெருந்தகை, கட்சியைக் கலைத்துவிடுமாறு வந்த அறிவுரைகளை ஏற்கவில்லை, கலகத்தையும் நாடவில்லை. அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினருக்குத் தனித்தொகுதி வேண்டுமென்று வாதிட்டார், சபை ஏற்கவில்லை. அதற்காக அவர் சபையை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை. ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில் தமிழின் தகுதியை எடுத்துரைத்தார். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறையும் வரை நாடாளுமன்றத்திலும் பொதுமேடையிலும் அமைதியான குரலில் வாதாடினார்.

அவருடைய கோரிக்கைகள் அனைத்தையும் இன்று எல்லாரும் ஏற்க வேண்டுமென்பதில்லை. அவர் காட்டிய முறையே நமக்கு முக்கியம். தோற்ற பின்னும் அதே அவையில் அமர்ந்திருப்பதும், எதிராளியுடன் நாளையும் வாழ வேண்டும் என்னும் நினைவோடு சொற்களை அளந்து பேசுவதும், இந்த மண்ணிலேயே மடிந்து அடங்கப் போகிறவரின் அரசியல். அக்கரையில் இருப்பவனுக்கு இந்த நினைவு எளிதில் மங்கிவிடுகிறது. கூட்டம் முடிந்ததும் அவன் தன் அறைக்குத் திரும்பிவிடுகிறான். அவனுடைய சொல் மட்டும் ஊருக்குச் சென்று வேலை செய்கிறது.

இந்திய அரசியலமைப்பும் அக்கரைத் தமிழனை மறந்துவிடவில்லை. அதன் எட்டாம் பிரிவு, தாமோ பெற்றோருள் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடிமகனாகலாம் என்றது. அதில் மத வேறுபாடு இல்லை. 1957இல் மலாயா விடுதலை பெற்றபின், அங்கேயே தங்கி அந்நாட்டுக் குடிமக்களாவதா, இந்தியராக நீடிப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே தாயின் பிள்ளைகள் இரு நாட்டுக் குடிமக்களாயினர், உறவு அறுந்துவிடவில்லை. கட்சியால் பிரிந்தோர் மட்டும் ஏன் உறவை அறுத்துக்கொள்ள வேண்டும்?

கொங்கு மண்ணின் காயம்

நம் வட்டாரத்தின் வரலாற்றையும் சொல்லாமல் தவிர்ப்பது நேர்மையாகாது. 1997 நவம்பர் 29ஆம் நாள் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர்களுள் எந்தப் பகையும் அறியாத வழிப்போக்கரும் வணிகரும் இருந்தனர். ஒரு கொலையை மற்றொரு கொலை நியாயப்படுத்தாது. அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பது மனிதகுலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பாகும் என்பது நம் மார்க்கத்தின் தெளிவான போதனை. கோவையின் துணிக்கடைத் தெருக்களில் இரு சமூகத்தாரும் மீண்டும் இயல்பாகப் பேசிக்கொள்ளக் காலம் பிடித்தது. அந்த மீட்சியைச் செய்தவர்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். மறுநாளும் கடை திறந்தாக வேண்டியவர்களும், அண்டை வீட்டாரின் திருமணத்துக்குச் சென்றாக வேண்டியவர்களுமே அதனைச் செய்தனர்.

பெருந்துறையின் அன்றாடமும் அத்தகையதே. மஞ்சள் ஏலத்திலும் கொப்பரை ஏலத்திலும் விளைவிப்பவர், வாங்குபவர், சுமப்பவர், எடை போடுபவர் எல்லாரும் ஒரே சமூகத்தாராக இருப்பதில்லை. அங்கே வாக்குச் சுத்தமே முதல். இந்த ஊடாட்டத்தில் விழும் ஒவ்வொரு விரிசலும் யாரோ ஒரு குடும்பத்தின் அடுப்பைப் பாதிக்கும்.

இன்னொன்றையும் நாம் கருத வேண்டும். இன்று பெருந்துறையே பலருக்கு அக்கரை. சிப்காட் தொழிற்சாலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். வளைகுடாவில் நம் பிள்ளைகள் எப்படியோ, அப்படியே இங்கே அவர்கள். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று கூறும் காணொளிகள் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த நிகழ்வுகளின் படங்கள் அவை. பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அம்மாநில அதிகாரிகளின் குழு நேரில் வந்து விசாரித்தது. செய்தி பொய்யென்று தெளிந்தது. ஹோலிப் பண்டிகைக்காக ஊர் சென்றவர்களைக்கூட அஞ்சி ஓடியவர்கள் என்று அவ்வதந்தி காட்டியது. அக்குழு செய்தது அன்று ஸுபைர் (ரலி) அவர்கள் செய்ததைப் போன்றதே: சென்று பார்த்து உண்மையைச் சொன்னது.

நமக்குரிய ஒழுங்கு

இவற்றிலிருந்து வெளிநாட்டில் வாழும் நம் சகோதர சகோதரிகளுக்குச் சிலவற்றைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

முதலாவது, செய்தியைத் தீர விசாரிப்பது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்க, கொண்டுவரப்படும் செய்தியை ஆய்ந்து தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அன்று செய்தி வரப் பல நாட்கள் ஆயின. உண்மை வரவும் பல நாட்கள் ஆயின. இன்று செய்தி நொடியில் வருகிறது. உண்மை இன்னும் நடந்தே வருகிறது. அதற்காகக் காத்திருப்பது இபாதத்தின் ஒரு பகுதி என்று கொள்வோம். ஊரிலுள்ள ஒருவரை அழைத்து, நடந்தது என்ன என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது, நம் சொல்லின் விலையை யார் கொடுப்பார் என்று எண்ணுவது. துபாயிலோ கோலாலம்பூரிலோ இருந்து எழுதும் ஒரு வரி, பெருந்துறையில் கடை வைத்திருக்கும் தம்பியின் பெயரோடு சேர்த்தே படிக்கப்படும். அவனிடம் நேரில் சொல்லத் தயங்கும் சொல்லை உலகத்திடம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, உரிமையை முறையாகக் கையாள்வது. 2010இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாடு வாழ் இந்தியர் தம் சொந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வழிசெய்தது. ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கோ 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயல்நாட்டிலிருந்தே கூட்டாட்சித் தேர்தல்களில் அஞ்சலில் வாக்களிக்க வழி உண்டு. ஆயினும் அவர்களும் தம் நாட்டின் பிளவைத் தொலைவிலிருந்து கண்டு நம்மைப் போலவே வருந்துகின்றனர். வாக்குச்சீட்டு மட்டும் மனக்காயத்தை ஆற்றிவிடாது போலும். இருப்பினும் பெயரைச் சேர்ப்பதும், தேர்தலுக்கேற்ப விடுமுறையை அமைத்துக்கொள்ள முயல்வதும் ஆயிரம் பகிர்வுகளைவிட மேலானவை.

நான்காவது, அக்கரையில் கற்ற ஒற்றுமையை இக்கரைக்குக் கொண்டுவருவது. அறையில் உடன் தங்கியிருக்கும் மாற்றுமத நண்பர் நோன்பு திறக்கும் வேளையில் நமக்காகப் பேரீச்சம்பழம் எடுத்து வைக்கிறார். அவர் காய்ச்சலில் படுத்தால் நாம் கஞ்சி வைத்துத் தருகிறோம். விடுமுறையில் ஊர் வரும்பொழுது அவர் வீட்டுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அவர் பெற்றோர் உங்களை அறிந்திருந்தால், நாளை உங்களைப் பற்றி வரும் வதந்தியை அவர்களே மறுப்பார்கள்.

உரிமை பறிக்கப்படும்போது வாய்மூடியிருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அநீதியைக் கண்டால் நாவினாலேனும் தடுப்பது நம் மீது கடமை. காயிதே மில்லத் தம் வாழ்நாள் முழுவதும் பேசியவர்தாம். உண்மையை அறிந்து, உரிய இடத்தில், நாளையும் உடன் வாழப் போகிறவரிடம் பேசுகிறோம் என்னும் உணர்வோடு பேசுவதே அவர் விட்டுச் சென்ற மரபு.

யா அல்லாஹ்! கடல் கடந்து உழைக்கும் எங்கள் மக்களைக் காப்பாயாக. அவர்கள் பிறந்த ஊரையும், அவர்களுக்கு இடமளித்த நாடுகளையும், எங்கள் ஊரில் வந்து உழைக்கும் பிற ஊராரையும் அமைதியில் நிலைக்கச் செய்வாயாக. பொய்ச் செய்தியிலிருந்து எங்கள் செவிகளையும், தீய சொல்லிலிருந்து எங்கள் நாவுகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.